இரண்டு சௌகத் அலிகள்

தாம்பரம் மேற்கு, முடிச்சூர் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சங்கங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். அதில் ஒன்றுக்குத்தான் மரியாதை. ஜன்னலோர மூலையில், ஏசிக்கு நேர் கீழே, ஊரில் யாருக்கும் கிடைக்காத குளிரை அனுபவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அதற்கு மூலை மிஷின் என்று பெயர். நான்கு வருஷமாக அதை யாரும் அணைத்ததில்லை. அதன் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘தயவுசெய்து ஆஃப் செய்யாதீர்கள். இப்படிக்கு, செளகத் அலி.’

அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே நிரல் எழுதும் யூனிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஷ்யாம்சுந்தர் என்று ஒருவன் அங்கே வேலை பார்த்தான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஏதாவது ஓடவில்லை என்றால் எதையோ தட்டி, எதையோ இறக்கி, எதையோ மாற்றி, பத்தே நிமிஷத்தில் ஓட வைத்துவிடுவான். என்ன செய்தான் என்று ஒரு வரி எழுதி வைக்க மட்டும் கை வராது. போன வருஷம் சிறுசேரிப் பக்கம் பெரிய கம்பெனியில் இடம் கிடைத்துப் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் எந்த வெப்சைட்டும் மூலை மிஷினில் மட்டுமே ஒழுங்காக ஓடியது. மற்ற கம்ப்யூட்டர்களில் படம் வராது, அல்லது எழுத்து வராது, அல்லது ஒன்றுமே வராது. கேட்டால் மூலை மிஷினில் உட்கார்ந்திருக்கும் வாஜித் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வான்: “என் மிஷின்ல ஓடுதேக்கா.” ஒரு நாளைக்கு இதை ஏழெட்டு தடவை கேட்டால் சாதுவுக்கும் கோபம் வரும். யூனிஸ் சாதுவும் இல்லை.

ஒன்பது வருஷ சர்வீஸ் அவளுக்கு. இந்த ஆபீஸில் எழுதப்பட்ட நிரலில் பாதி அவள் கைப்பட எழுதியது. ஆனால் ஜூன் மாதம் அவள் குடும்பம் கேளம்பாக்கத்துக்குக் குடிபோனது. கணவன் எட்மண்டின் வேலை அங்கே, மகளுடைய பள்ளிக்கூடமும் அங்கே. தினமும் காலை ஏழு மணிக்குத் தாம்பரம் பஸ் பிடித்து, மாம்பாக்கம், கண்டிகை என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, வண்டலூர் சிக்னலில் அரை மணி நேரம் கிடந்து, ஆபீஸுக்குள் நுழையும்போதே அவளுக்குப் பாதி உயிர் போயிருக்கும். சாயங்காலம் மீதிப் பாதி. இரண்டு மாதத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் அந்த வண்டலூர் சிக்னலிலேயே நின்றபடி போனில் ராஜினாமாக் கடிதத்தை எழுதினாள். அனுப்ப மனம் வரவில்லை. அனுப்பாமல் அப்படியே வைத்திருந்தாள்.

கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்ப்போம் என்றுதான் முதலாளி சௌகத் அலியிடம் போய் நின்றாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்றாள்.

“பண்ணும்மா. நான் வேணாம்னு சொல்லல. ஆனா மூலை மிஷின வூட்டுக்குத் தூக்கிக்கினு போவ முடியுமா?”

“தேவையே இல்ல சார். கன்டெய்னர் போட்டா போதும்.”

“கன்டெய்னரா? ஜிஎஸ்டி ரோட்ல ஒரு கன்டெய்னர் வந்தாலே டிராஃபிக் ஜாம். அத ஆபீஸ்ல வேற கொண்டாரியா?”

தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பது சௌகத் அலியின் வழக்கம். அது முடியும்வரை காத்திருப்பது யூனிஸின் வழக்கம். முடிந்ததும் சொன்னாள். ஒரு வெப்சைட் ஓட எந்தெந்த மென்பொருள் வேண்டும், எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்துவிடலாம். எந்தக் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அது உள்ளுக்குள் ஒரு தனி அறை கட்டி, அச்சு அசலாக அதே ஏற்பாட்டைச் செய்துகொள்ளும். அந்த அறைதான் கன்டெய்னர். கையால் யாரும் எதையும் தட்ட வேண்டாம். எழுதியது இருக்கும், எழுதாதது இருக்காது, அவ்வளவுதான்.

சௌகத் அலி கன்னத்தைச் சொறிந்துகொண்டார். “நல்லாத்தான் கீது கேக்கறதுக்கு. சரி, சனிக்கிழமை கேளம்பாக்கத்துல ஒரு கல்யாண வலீமா சாப்பாடு. முடிச்சிட்டு நாலு மணிக்கு உன் வூட்டுக்கு வரேன். நம்ம சங்கத்து சைட்டு இங்க எப்படி ஓடுதோ அப்படியே உன் வூட்ல ஓடிக் காட்டணும். ஓடிச்சுன்னா மூணு நாள் வூட்ல இருந்துக்கோ. ஓடலன்னா தினம் ஆபீஸ் வா. அதுக்கு மேல உன் இஷ்டம்.”

அதுக்கு மேல உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சங்கம் என்றது முடிச்சூர் ரோடு வணிகர் நலச் சங்கம். சௌகத் அலிதான் செயலாளர். முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் பெயர், கடை, போட்டோ எல்லாம் அந்த சைட்டில் வரும். பெயர்களை உறுப்பினர்களே அவரவர் போனில் தமிழில் அடித்து அனுப்பினார்கள். போட்டோக்களுக்கு அதே பெயரை வைத்து ஃபோல்டரில் போட்டது யூனிஸ். பெயரும் போட்டோவும் பொருந்தினால் ஆள் பட்டியலில் தெரிவார். போட்டோ இல்லாவிட்டால் தெரியவே மாட்டார். “மூஞ்சி காட்டாதவனுக்கு லிஸ்ட்ல இடம் கெடையாது” என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டி அந்த விதியைப் போட்டவரும் சௌகத் அலிதான்.

அந்த வாரம் யூனிஸ் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூலை மிஷினுக்குள் ஷ்யாம் கையால் செய்து வைத்திருந்த ஒவ்வொன்றையும் தோண்டித் தோண்டி எடுத்துப் பட்டியலில் எழுதினாள். திங்கட்கிழமை கன்டெய்னர் எழுந்திருக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை எழுந்தது, ஆனால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து அவளையே கேள்வி கேட்பதுபோல் இருந்தது. அதைச் சரிசெய்தால் புதன்கிழமை கடிகாரம் தகராறு. கன்டெய்னருக்குள் ஓடிய மணி நம் ஊர் மணிக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. சங்கத்தின் சாயங்காலக் கூட்டம் நண்பகலுக்கு முன்பே நடந்து முடியும் என்று சைட் அறிவித்தது.

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாக்கா?” என்றான் வாஜித்.

“நீ வாய மூடிப் பாத்தியா வாஜித்?”

இதற்கு நடுவில் கௌசல்யா டிஃபன் சென்டர் அம்மாள் மறுபடி போன் செய்தார். சைட்டில் தன் பெயரே வரவில்லை என்று அவர் புகார் சொல்வது இது நான்காவதோ ஐந்தாவதோ தடவை. “ரீஃப்ரெஷ் பண்ணுங்கம்மா, வந்துடும்” என்று வாஜித் வழக்கம்போல வைத்துவிட்டான். யூனிஸுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் போட்டோ ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்றித் தன் லேப்டாப்பில் போட்டுச் சுத்தம் செய்தாள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று குப்பை குப்பையாக இருந்தது. அதன் நடுவில், ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி, ‘சௌகத் அலி’ என்ற பெயரில் இரண்டு போட்டோ. திறந்து பார்த்தாள். இரண்டிலும் அதே நீல சட்டை, அதே மீசை, அதே முறைப்பு. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க எந்தக் கம்ப்யூட்டரும் விடாது. முதல் வாரம் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். ஆனால் மணி ஆறேகால், ஆறரை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. “ஒரு முதலாளியையே தாங்க முடியல, இதுல ரெண்டு வேற” என்று முணுமுணுத்தபடி, ஷ்யாம் பிற்பாடு போட்டதாகத் தேதி காட்டிய ஒன்றை அழித்துவிட்டு ஓடினாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பட்டியலை மட்டும் கொடுத்தாள். லேப்டாப் பத்து நிமிஷம் மூச்சிரைத்தது. பிறகு சங்கத்தின் சைட் எழுந்து நின்றது. எழுத்து சரி, படம் சரி, மணி சரி. யூனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஓடுது எட்மண்ட், ஓடுது!” என்று கத்தினாள். சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த எட்மண்ட், என்ன ஓடுகிறது என்று சரியாகப் புரியாமலே கைதட்டினான்.

நாலே காலுக்கு சௌகத் அலி வந்தார். பிரியாணி சாப்பிட்ட திருப்தியோடு, கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு, நல்ல மூடில் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்தார். கூட்ட அறிவிப்பு வந்தது. தலைவர் வந்தார், பொருளாளர் வந்தார். “பரவால்லயே” என்றார். யூனிஸ் எட்மண்டைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், டீ கொண்டுவரச் சொல்லி.

அப்போது சௌகத் அலி எப்போதும் செய்வதைச் செய்தார். தேடும் கட்டத்தில் தன் பெயரையே அடித்தார். எந்த சைட்டைக் காட்டினாலும் முதலில் அதைத்தான் தேடுவார்.

‘உறுப்பினர் யாரும் இல்லை’ என்று வந்தது.

மறுபடி அடித்தார். யாரும் இல்லை. செயலாளர் என்ற இடத்தில் போய்ப் பார்த்தார். தலைவருக்கும் பொருளாளருக்கும் நடுவில் காலியாக இருந்தது.

“எல்லாரும் வந்துட்டானுங்க. நான் எங்க?”

யூனிஸ் திரைப் பக்கம் குனிந்தாள். “இருங்க சார், பாக்கறேன்...”

சௌகத் அலி அதற்குள் வாஜித்தை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். “டேய், மூலை மிஷின்ல என் பேரு வருதா பாரு.”

“வருது சார், போட்டோவோட சூப்பரா வருது. அக்கா வூட்ல வரலியா? என் மிஷின்ல ஓடுதே!”

அந்த நேரத்தில் வாஜித் மட்டும் கேளம்பாக்கத்தில் இருந்திருந்தால் யூனிஸ் மேல் ஒரு கேஸ் ஆகியிருக்கும்.

சௌகத் அலி போனை மேஜைமேல் வைத்தார். கோபம் வந்தால் சத்தம் போடுகிறவர், இப்போது சத்தம் போடாததுதான் பயமாக இருந்தது. “அச்சு அசல்னு சொன்னியேம்மா? முன்னூத்தி பன்னெண்டு பேர்ல மொதலாளிய மட்டும் வுட்டுட்டு வந்துக்குது உன் கன்டெய்னரு.” எழுந்தார். “அஸர் தொழுதுட்டு வந்துடறேன். எட்மண்ட் தம்பி, மேற்கு எந்தப் பக்கம்?”

எட்மண்ட் அவருக்குக் கை கால் கழுவ இடம் காட்டினான். முன்னறையில் சோபாவை நகர்த்திவிட்டு, துவைத்து மடித்த விரிப்பு ஒன்றை விரித்தான். யூனிஸ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் இருக்கிறது. ஒன்பது வருஷம் அந்தப் பத்து நிமிஷத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

போட்டோ ஃபோல்டரைத் திறந்தாள். சௌகத் அலியின் போட்டோ இருந்தது. உறுப்பினர் பட்டியல் இருக்கும் தரவுத்தளத்தைத் திறந்தாள். அவர் பெயர் இருந்தது. இங்கேயும் சௌகத் அலி, அங்கேயும் சௌகத் அலி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நிரல் மட்டும் இரண்டும் வேறு ஆள் என்று சாதித்தது. “குருடா உனக்கு?” என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். தரவுத்தளத்தில் இருந்த பெயரை நகலெடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள். முன்னாலோ பின்னாலோ காலி இடம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்கிப் பார்ப்போம் என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். அலி போனது. கத் போனது. இன்னும் ஒரு தட்டு தட்டினாள்.

திரையில் ‘செ’ என்று நின்றது.

யூனிஸ் அதையே பார்த்தாள். சௌ என்ற எழுத்தில் ஒரு தட்டு அழித்தால் ஔகாரக் குறி முழுசாகப் போய் வெறும் ‘ச’ அல்லவா நிற்க வேண்டும்? போட்டோவின் பெயரை எடுத்து அதேபோல் அழித்தாள். ‘ச’ நின்றது. அப்புறம்தான் உறைத்தது. போட்டோவுக்கு அவள் வைத்த பெயரில் இருப்பது ஒரே எழுத்து, சௌ. உறுப்பினர் பட்டியலில் இருப்பது இரண்டு எழுத்து. ஒரு ‘செ’, பக்கத்தில் ஒரு ‘ள’. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மிஷினுக்கு ஒருவர் சௌகத், இன்னொருவர் செ-ள-க-த். தன் பெயரைப் போனில் அப்படி அடித்து அனுப்பியது வேறு யாருமல்ல, முன்னறையில் தொழுதுகொண்டிருப்பவர்தான்.

அப்படியானால் வியாழக்கிழமை அழித்தது? ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது. அவை ஒரே பெயர் இல்லை. தலையில் அடித்துக்கொண்டாள். ஷ்யாமுக்கு போன் போட்டாள்.

“ஷ்யாம், சார் போட்டோவ ரெண்டாவது ஒண்ணு எதுக்குடா போட்ட?”

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. “ஐயோ, அதக் கண்டுபுடிச்சிட்டியா? அவர் பேர அவரே தப்பா அடிக்கிறாரு யூனிஸ். அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது? அதான் அவர் அடிக்கிற மாதிரியே போட்டோவுக்கு ஒரு காப்பி போட்டு வெச்சேன். ரெண்டு வருஷமா பிரச்சனையே இல்லியே!”

“எழுதி வெச்சியா அத?”

“அதையெல்லாம் எழுதி வெப்பாங்களா?”

போனை வைத்தாள். கோபம் கோபமாக வந்தது. ஷ்யாம் மேலா, அந்த ஃபைலைப் பார்க்காமல் அழித்த தன் மேலா, தமிழ் எழுத்து மேலா என்று தெரியவில்லை. எல்லார் மேலும்தான்.

முன்னறையில் சௌகத் அலி இன்னும் அமர்ந்த நிலையில் இருந்தார். ஷ்யாம் செய்ததையே செய்தால் ஒரு நிமிஷ வேலை. போட்டோவை நகலெடு, பெயரை மாற்று, முடிந்தது. “சின்ன செட்டிங் சார், சரியாயிடுச்சு” என்று ஒரு வார்த்தை. மூன்று நாள் வீடு கிடைத்துவிடும், வீங்கிய முழங்காலும் வடிந்துவிடும். நகலெடுக்கும் வரை கை போய்விட்டது. ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அவளுக்குக் கௌசல்யா அம்மாள் ஞாபகம் வந்தது. தேடிப் பார்த்தாள். அவரும் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருந்தார். அவருக்கு யாரும் ரகசியமாகக் காப்பி போட்டு வைக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த அம்மாள் பட்டியலில் இல்லை, அவர் ரீஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருக்கிறார். கொம்பு போட்ட எழுத்துக்குப் பக்கத்தில் ‘ள’ வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்றிவிடலாமா என்று யோசித்தால் அதுவும் முடியாது. உறுப்பினர்களில் ஒரு வெள்ளைச்சாமி இருக்கிறார், அவர் பெயரில் வருவது நிஜமான ‘ள’. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் இவர் வருவார், அவர் காணாமல் போவார். முதலாளியின் பெயரை மட்டும் சத்தமில்லாமல் திருத்தினாலும் பயனில்லை. அடுத்த தடவை அவர் தன் வழக்கப்படி அடித்துத் தேடுவார், மறுபடி ‘யாரும் இல்லை’ என்றுதான் வரும். மிஷினில் திருத்தி முடிகிற காரியமில்லை இது.

எழுதியது இருக்கும், எழுதாதது இருக்காது என்று சொன்னது அவள்தான். ஒட்டாமல் கையை எடுத்தாள்.

சௌகத் அலி வந்து உட்கார்ந்தார். “என்னம்மா, கெடச்சேனா?”

“சார், உங்க போன்ல உங்க பேர அடிங்க.”

“எதுக்கு?”

“அடிங்க சார், ப்ளீஸ்.”

அடித்தார். யூனிஸ் அவர் விரலையே பார்த்தாள். செ. பிறகு ள. பிறகு கத். நினைத்தது சரி.

“இப்ப பின்னாடிலருந்து அழிச்சிக்கிட்டே வாங்க. ‘செள’ வந்ததும் ஒரே ஒரு தட்டு.”

‘செ’ நின்றது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யூனிஸ் தன் போனில் சரியாக அடித்து அழித்துக் காட்டினாள். ‘ச’ நின்றது. பிறகு மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெயரைத் தப்பாக அடித்தது அவர் என்று சொன்னாள். காப்பியை அழித்தது தான் என்பதையும் சொன்னாள்.

எட்மண்ட் டீ டம்ளர்களோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

“அம்பத்தஞ்சு வயசாவுது எனக்கு,” என்றார் சௌகத் அலி. குரல் ஏறிக்கொண்டே போனது. “எங்க அத்தா வெச்ச பேரு. என் பேர எனக்கே எழுதத் தெரியாதுன்னு என் எதிர்ல உக்காந்து சொல்ற நீ?”

“கையால எழுதினா நீங்க எழுதறது சரிதான் சார். கொம்பு போடுவீங்க, ச போடுவீங்க, ள போடுவீங்க. நானும் அப்படித்தான் எழுதுவேன். பேனாவுக்கு வித்தியாசம் கெடையாது. மிஷினுக்குத்தான் ரெண்டும் வேற வேற பேரு.”

“அப்ப மிஷின மாத்து!”

“மாத்தினா வெள்ளைச்சாமி அண்ணன் போயிடுவாரு சார்!”

அவளும் கத்திவிட்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கத்திய பிறகு, ராஜினாமாக் கடிதத்தை இனி அனுப்ப வேண்டியதுதான் என்று தோன்றியது.

சௌகத் அலி போனைப் பார்த்தார். மறுபடி அடித்தார், மறுபடி அழித்தார். செ. இன்னொரு தடவை. செ. குரல் இறங்கிவிட்டது.

“ஷ்யாமுக்கு இது தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எவ்ளோ நாளா?”

“ரெண்டு வருஷமா.”

“ஒரு வார்த்த சொல்லலியே.” ஏதோ யோசித்தார். “போஸ்டரு, அழைப்பிதழு, மிஷின்மேல ஒட்டின பேப்பரு... எல்லாத்துலயும் இப்படித்தானா? எல்லாரும் பாத்துக்கினு இருந்தீங்களா?”

“பாத்தா தெரியாது சார். தேடினாத்தான் தெரியும்.”

“தெரிஞ்சவன் ஏன் சொல்லல? நான் என்ன கடிச்சா துன்னுடுவேன்?”

எட்மண்ட் சட்டென்று வந்து டீயை வைத்தான். சௌகத் அலி அதைக் குடிக்காமல் எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, “என் விஷயம் என்ன சார்?” என்று கேட்டேவிட்டாள்.

“பார்க்கலாம்,” என்றார், அவளைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யூனிஸுக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. பார்க்கலாம் என்றால் என்ன? பார்க்கலாம் என்று சொன்ன எவர் இதுவரை பார்த்திருக்கிறார்? வீட்டுக்கு வந்து கன்டெய்னரை மறுபடி ஓடவிட்டாள். அவளுடைய மிஷினில் அழகாக ஓடியது. யாருக்கு என்ன பிரயோஜனம் என்று மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. கேளம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் டிபன் பாக்ஸும் பையுமாக நின்றாள். போனில் ராஜினாமாக் கடிதம் திறந்திருந்தது. வண்டலூர் சிக்னல் வரைக்கும் பார்ப்போம், அங்கேயே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். எழுதிய இடத்திலிருந்தே போகட்டும்.

போன் அதிர்ந்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று சௌகத் அலியிடமிருந்து ஒன்று. உடனே இன்னொன்று, அதுவும் நீக்கப்பட்டது. மூன்றாவது. நான்காவது. ஆள் காலங்காத்தாலே என்னதான் செய்கிறார் என்று யூனிஸுக்கு எரிச்சலாக வந்தது. ஐந்தாவது நின்றது.

‘யூனிஸ் இன்று முதல் திங்கள், புதன், வெள்ளி வீட்டிலிருந்து வேலை பார்ப்பார். வாஜித் அவரிடம் கன்டெய்னர் கற்றுக்கொள்ள வேண்டும். கௌசல்யா அம்மாவுக்கு நானே போன் செய்துவிட்டேன். மூலை மிஷினை வெள்ளிக்கிழமை ஆஃப் செய்கிறோம். இப்படிக்கு, சௌகத் அலி.’

இரண்டு தடவை படித்தாள். தாம்பரம் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. செய்தியை முழுசாக நகலெடுத்து, திறந்திருந்த ராஜினாமாக் கடிதத்தின் அடியிலேயே ஒட்டினாள். பெயரில் சௌவுக்கும் கத்துக்கும் நடுவில் விரலை வைத்து, ஒரே ஒரு தட்டு அழித்தாள்.

‘ச’ நின்றது.

யூனிஸுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நான்கு தடவை தப்பாக அடித்து, ஒவ்வொரு தடவையும் அழித்துப் பார்த்து, திருத்தியிருக்கிறார் மனுஷன். அழிக்கும் பொத்தானிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை. ச போனது, மேலே செய்தி போனது, அதற்கும் மேலே வண்டலூர் சிக்னலில் எழுதிய கடிதம் வரி வரியாகப் போனது. கடைசியில் பக்கத்தில் ‘கத் அலி’ மட்டும் மிஞ்சியது.

பஸ் அவள் எதிரில் வந்து நின்று, ஏறுகிறவர்கள் எல்லாம் ஏறி முடித்திருந்தார்கள்.

“ஏம்மா, ஏறுறியா இல்லியா? தாம்பரம் போவணுமா வேணாமா?” என்று கண்டக்டர் கடுப்பாகக் கேட்டார்.

“நாளைக்குத்தாண்ணா,” என்றாள் யூனிஸ். “நீங்க போங்க.”